இலவசம்னு மட்டும் சொல்லிறாதீங்க

இந்தக் காதுக்குமிழை எனக்கு முன்னால் யார் யார் காதில் செருகினார்களோ தெரியவில்லை, உள்ளே போகும்போதே வழவழவென்று போனது, துடைத்தீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை, ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து டிவி நிலையத்து ஏசி அறையில் உட்காரவைத்துப் பவுடரும் பூசிவிட்டவர்களிடம் காதழுக்கைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்காது. பவுடர் பூசிய பஞ்சும் அப்படித்தான், ஈரமாக, பழைய வியர்வை வாடையோடு. அதே பஞ்சால் எதிரே உட்கார்ந்திருக்கிற சைபர் வல்லுநர் சத்தியநாதனின் மூக்கைத் துடைத்ததை என் கண்ணால் பார்த்தேன், அவர் மூக்கு மேல் இருந்தது இப்போது என் மூக்கு மேல் இருக்கிறது, கையை மேலே கொண்டுபோகாதீங்க சார் மைக்கு உரசும் என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் அது அங்கேயே இருக்கட்டும். விளம்பர இடைவேளை. குமிழுக்குள் ஆடித் தள்ளுபடி ஓடுகிறது. ஒரு புடவை எடுத்தால் ஒரு புடவை இலவசம், இலவசம், இலவசம் என்று ஒரு பெண் குரலை ஏற்றிக்கொண்டே போகிறாள், அவளுக்கு அந்தச் சொல்லில் அத்தனை சந்தோஷம். அந்த ஒரு சொல்லைத்தான் நான் இன்று சொல்லக் கூடாது. ரயில் ஏறும்போது மரியபுஷ்பம் டீச்சர் போனில் சொன்னார்: "சார், நீங்க என்ன வேணாலும் பேசுங்க. இலவசம்னு மட்டும் சொல்லிறாதீங்க. குடுத்தேன்னும் சொல்லிறாதீங்க. என்கொயரியில அந்த ரெண்டைத்தான் பிடிச்சுத் தொங்குறாங்க." நாளை மறுநாள் அவருக்கு விசாரணை, அவர் மேல் பதினேழு பி போட்டிருக்கிறார்கள், வேலைக்கே உலை வைக்கக்கூடிய குற்றச்சாட்டு. இலவசம் இல்லை, குடுக்கவில்லை. நாக்கே, ஞாபகம் வைத்துக்கொள். எழும்பூரில் இறங்கியதிலிருந்து இதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன், பாக்கு மென்ற மாதிரி வாயெல்லாம் துவர்க்கிறது.

என்னைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் டிசைன் போடுகிறவன், முருகனுக்குப் பின்னால் இருக்கிற மயிலை எடுத்துவிட்டு இயேசுவுக்குப் பின்னால் ஆட்டுக்குட்டியைச் சேர்ப்பது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் லினக்ஸைத் தமிழில் மொழிபெயர்க்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். அது என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது: கம்ப்யூட்டரை எழுப்பி உட்காரவைத்து வேலை வாங்குகிற மென்பொருள், உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதியது, யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், நகல் எடுத்து அடுத்தவருக்குத் தரலாம், யாரும் யாரையும் கட்டிப்போட முடியாது, அதனால் கட்டற்ற மென்பொருள். காசு இல்லை என்பது அதில் கடைசி விஷயம். டீச்சருடைய பள்ளிக்கூடத்தில் வைரஸ் தின்று செத்துக் கிடந்த கம்ப்யூட்டர்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் உட்கார்ந்து எழுப்பினோம், அவர் பிரித்து வைப்பார், நான் தூசி ஊதுவேன், மூக்கெல்லாம் கரி. எல்லாம் ஓட ஆரம்பித்ததும் திங்கட்கிழமையே போன் வந்தது. "சார், கம்ப்யூட்டரை மூடுற பட்டன்ல 'அணை'ன்னு போட்டிருக்கீங்க. எட்டாங்கிளாஸ்ல அதை வச்சுக்கிட்டுப் பாடம் நடத்த முடியுமா. டீச்சர் அணைக்கவா, டீச்சர் அணைக்கவான்னு கேட்டுச் சிரிச்சே கொல்றானுங்க. 'நிறுத்து'ன்னு போடுங்க." அன்றைக்கே மாற்றினேன். அவ்வளவுதான் விஷயம். வேறு எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரிலாவது சாத்தூர்ப் பக்கத்து டீச்சர் ஒருவர் ஒரு பட்டனைப் பிடிக்கவில்லை என்று சொல்லி அன்றைக்கே அது மாறுமா. இதைத்தான் இன்று சொல்ல வேண்டும் என்று ரயிலில் படுத்துக்கொண்டு யோசித்தேன், இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. காலையில் பல் தேய்க்கும்போது பயம் வந்துவிட்டது. டீச்சர், நான், அணை. இந்த மூன்றையும் இவர்கள் கையில் கொடுத்தால் என்ன சமைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நுரையைத் துப்பும்போது அந்த உதாரணத்தையும் சேர்த்துத் துப்பினேன்.

துப்பிக்கொண்டேதான் இருக்கிறேன், மூன்று வாரமாக. டீச்சருடைய பள்ளிப் பிள்ளைகளின் பெயரும் பெற்றோர் போன் நம்பரும் ஒரு டியூஷன் சென்டர்காரனிடம் போய்ச் சேர்ந்தன, அவன் வீடு வீடாகப் போன் போட்டுப் பேசினான். எப்படிப் போனது என்று ஊருக்கே தெரியும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அலுவலகத்து ஆள் ஒருவர் பட்டியலை முழுசாகப் போட்டுவிட்டார், அந்த டியூஷன்காரனும் அதில் ஒரு பெற்றோர். இதில் லினக்ஸ் எங்கே வந்தது. வராது. ஆனால் பத்திரிகையில் வந்தது: இலவச மென்பொருளால் மாணவர் விவரங்கள் திருட்டு? அந்தக் கேள்விக்குறி இருக்கிறதே, சீ, அதைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது, ஒரு பொய்யை எழுதி அதன் வாலில் ஒரு கொக்கியை மாட்டிவிட்டால் அது பொய் இல்லையாம், கேள்வியாம். பக்கத்தில் ஒரு படம், தலையில் முக்காடு போட்ட ஒருவன் இருட்டில் லேப்டாப்பைக் குனிந்து பார்க்கிறான். எந்த ஊரில் இவன் இருக்கிறான், எங்கள் வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் மயங்கி விழுவான். செய்திக்கு நடுவில் கட்டம் கட்டி எங்கள் மென்பொருளின் இன்னொரு பெயருக்கு விளக்கம் வேறு: திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன? அதற்கு நேர் கீழே, ஒரு விரல் இடைவெளி கூட இல்லாமல், மூலம் பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணமாகும் என்று ஒரு வைத்தியரின் விளம்பரம், வைத்தியர் சிரிக்கிறார். அச்சகத்தில் அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைத்தார்கள். "என்ன கனிராஜ், திறந்த மூலமாமே, உக்கார முடியுதா" என்று மிஷின் ஓட்டுகிறவர் கேட்டார், நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் இன்னும் பேசுவார்கள்.

அந்தச் செய்தியை எழுதிய நிருபர் அருள்தாஸ் என்னிடம் ஒரு மணி நேரம் போனில் பேசியவன், கெட்டவன் இல்லை. நான் சொன்னதையெல்லாம் ம் ம் என்று கேட்டுக்கொண்டான். செய்தி வந்த அன்று கூப்பிட்டு, ஏன் தம்பி இப்படி என்றேன். "சார், சத்தியமா நான் கட்டற்றன்னுதான் அனுப்புனேன். டெஸ்க்ல திருத்துறவங்க மாத்திட்டாங்க சார். வெப்சைட்ல பாத்தீங்களா, அதுல வேற மாதிரி மாத்திருக்காங்க." பார்த்தேன். வெப்சைட்டில் கட்டுப்பாடற்ற மென்பொருள் என்று போட்டிருந்தது, கட்டற்ற என்றால் வாசகருக்குப் புரியாது என்று இன்னொரு புண்ணியவான் புரியவைத்திருக்கிறார். அச்சில் இலவசம், இணையத்தில் கட்டுப்பாடு இல்லாதது, ஒரே செய்தி, ஒன்றில் பிச்சைக்காரன், இன்னொன்றில் காலிப்பயல். நானும் சொற்களோடு மல்லுக்கட்டுகிறவன்தான், ஒரு சொல்லுக்கு நாங்கள் பத்துப் பேர் மாதக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம், இலவசம் வேண்டாம், நம் ஊரில் அந்தச் சொல்லை மிக்ஸியிலும் கிரைண்டரிலும் போட்டு அரைத்துவிட்டார்கள், அதைக் கேட்டதும் எவனுக்கும் வரிசையில் நிற்கிற ஞாபகம்தான் வரும், கட்டற்ற என்பதே சரி என்று முடிவு செய்து என்னவோ சாதித்துவிட்டதாகக் காப்பி குடித்தோம். டெஸ்க்கில் யாரோ ஒருவர் டீ ஆறுவதற்குள் அதை அடித்துவிட்டு இலவசம் என்று போட்டார். அந்தச் சொல் அங்கிருந்து கல்வி அலுவலகத்துக்கு நடந்தே போயிருக்கிறது. மெமோவில் அப்படியே இருக்கிறது, துறை அனுமதியின்றி வெளிநபரிடமிருந்து இலவசமாகப் பொருள் பெற்றுப் பள்ளியில் நிறுவியது. வெளிநபர் நான். பொருள் லினக்ஸ். டீச்சர் அதற்குப் பதில் எழுதியிருக்கிறார், போனில் படித்துக் காட்டினார், அதை எழுதும்போது அழுதிருக்கிறார் என்று குரலில் தெரிந்தது, ஆனால் பதில் நிமிர்ந்து நின்றது. "ஊருணியில தண்ணி எடுக்குறேன் சார். அதை எனக்கு யாரு குடுத்தா. யாருகிட்ட இலவசமா வாங்குனேன். ஊருணி ஊருக்குப் பொது. இதுவும் அப்பிடித்தான்னு எழுதிருக்கேன். யாரும் குடுக்கல, யாரும் வாங்கல. அந்த இடத்துல நில்லுங்க சார், நகராதீங்க." இத்தனை வருஷத்தில் எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் இந்த ஊருணி தோன்றவில்லை.

இடைவேளை இன்னும் முடியவில்லை. இப்போது தங்கநகை. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை. எதிரே பெரிய டிவியில் விளம்பரத்துக்கு ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் சத்தமில்லாமல் நானே தெரிகிறேன், பவுடரில் என் முகம் பொங்கல் பானைக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது, கீழே மஞ்சள் பட்டையில் கனிராஜ், இலவச மென்பொருள் ஆர்வலர். வரும்போதே எழுதிக் கொடுத்தேனே, கட்டற்ற என்று பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டேனே. மேலே நிகழ்ச்சியின் பெயர்: இலவசம் எனும் வலை? வாலில் அதே கொக்கி. முதல் சுற்றில் என்னிடம் பெயரும் ஊரும் மட்டும் கேட்டார்கள், சத்தியநாதனைத்தான் பேசவிட்டார்கள், அவர் கம்பெனி மென்பொருள் விற்கிற கடை வைத்திருக்கிறார் என்பதை நெறியாளர் இளம்பரிதி யாருக்கும் சொல்லவில்லை, சைபர் வல்லுநராம். "ஓசியில கெடைச்சா பினாயிலையும் குடிக்கிற ஜனங்க நாம. காசு இல்லாம ஒருத்தன் ஒண்ணைக் குடுக்குறான்னா ஏன் குடுக்குறான்னு யோசிக்க வேண்டாமா" என்றார், இளம்பரிதி சிரித்தார், கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், பினாயில் வாடையே எனக்கு வந்தது. அந்த டிவியில் இந்த நிகழ்ச்சியை ஓட்டுகிற கம்ப்யூட்டர்கள் இங்கேதான் எங்கேயாவது ஒரு அறையில் இருக்கும், அதில் பாதி லினக்ஸில் ஓடினாலும் ஆச்சரியப்பட மாட்டேன், சத்தியநாதன் சட்டைப் பையில் இருக்கிற போனுக்குள்ளேயும் அதுதான் இருக்கிறது, உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று இதைத்தான் சொல்வார்களோ, ஆனால் உண்டது அவருக்கே தெரியாதே. சொல்லலாமா. சொன்னால் மறுபடி ஏன் ஓசியில் கொடுக்கிறார்கள் என்பார். ஏன் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தச் செய்திக்குக் கீழே வந்த கமெண்டுகளைப் படித்திருக்கக் கூடாது, படித்தேன், ஒரு பொம்பள டீச்சருக்கு ஒரு ஆம்பள சனிக்கிழமை சனிக்கிழமை போயி சும்மா குடுப்பானா என்று ஒருவன் எழுதியிருந்தான், அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மை, அதற்குக் கீழே இன்னும் சிரிக்கிற பொம்மை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பில் பல்லி விழுந்த மாதிரி இருக்கிறது. டீச்சரின் கணவர் அற்புதராஜ் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறார், எங்களோடு உட்கார்ந்து கீபோர்டு துடைத்திருக்கிறார், சனிக்கிழமை அவர் கொண்டுவருகிற பக்கடாவுக்காகவே நான் சீக்கிரம் போவேன். அவரும் அந்தக் கமெண்டைப் படித்திருப்பார். அதற்கு அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. தலைவலி என்று டீச்சர் சொன்னார், நான் நம்பினேன்.

"சார் ரெடியா, வர்றோம்" என்று குமிழுக்குள் ஒரு குரல். இலவசம் இல்லை, குடுக்கவில்லை. ஊருணி. மூக்கு அரிக்கிறது. விளக்கு மாறுகிறது, இளம்பரிதியின் முகம் ஸ்விட்ச் போட்ட மாதிரி கவலைக்கு மாறுகிறது, இத்தனை நேரம் போனில் ஏதோ வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த முகம். "வணக்கம், மீண்டும் இணைகிறோம். நேரடியாகக் கேட்டுடறேன் கனிராஜ். இலவசமா ஒரு மென்பொருளை அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தீங்க. சரியா தப்பா?" வந்துவிட்டது, இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. நான் நகரவில்லை. "சார், யாரும் யாருக்கும் எதுவும் குடுக்கல. அது கட்டற்ற மென்பொருள். ஊருணி மாதிரி சார், ஊருக்குப் பொது. ஊருணியில தண்ணி எடுத்தா அதை இன்னார்கிட்ட வாங்குனதா சொல்ல முடியுமா." என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. டீச்சர் பார்த்துக்கொண்டிருப்பார், அற்புதராஜும் பக்கத்தில் இருப்பார், இதோ நிற்கிறேன் டீச்சர், அந்த இடத்திலேயே நிற்கிறேன். மாணவர் பட்டியல் வாட்ஸ்அப்பில்தான் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும், வாயெடுத்தேன், இளம்பரிதி கையை உயர்த்தினார். "ஊருணி நல்ல உவமை. ஆனா ஊருணிக்கு யாரும் வாராவாரம் தேடிப் போய்த் தண்ணி ஊத்தறதில்லையே. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஆசிரியை இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கீங்க. மக்கள் மனசுல இருக்கிற கேள்வியைத்தான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பதிலுக்கு உங்களுக்கு என்ன கிடைச்சது?" சொல்லிவிட்டு ஒரு பக்க உதட்டை மட்டும் இழுத்தார். சத்தியநாதன் குனிந்து மேசையைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பொம்மைகளெல்லாம் வரிசையாக அந்த மேசையில் உட்கார்ந்து சிரித்தன. எனக்குக் காதுக்குள் அந்த வழவழப்பு சூடாகிக் கழுத்து வரை இறங்கியது, த்தூ என்று துப்ப வந்தது, டீச்சர் கம்ப்யூட்டரைப் பிரித்து வைத்ததும் அற்புதராஜ் பக்கடாப் பொட்டலத்தைப் பிரித்ததும் இந்தப் பஞ்சு வாடைக்குள் வந்து விழுந்தன, இதைத் துடைக்க வேண்டும், உடனே துடைக்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம், இதை மட்டும் துடைத்தால் போதும். "எதையும் எதிர்பார்த்து இல்ல சார்" என்றேன், குரல் உயர்ந்துவிட்டது, "சும்மாதான் குடுத்தேன்."

"நன்றி கனிராஜ். ஒரு சிறிய இடைவேளை." விளக்கு தணிந்தது. நான் மூச்சு விட்டேன். சொல்லவில்லை. கடைசி வரை இலவசம் என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை, அவன் எத்தனை இழுத்தும் வரவில்லை, மூன்று வார அழுக்கும் ஒரே வாளித் தண்ணீரில் போனது போல இருந்தது, எழுந்து நின்று கை கால்களை உதற வேண்டும் போலிருந்தது. மைக்கைக் கழற்ற வந்தவர் வயதானவர், கழுத்தில் அடையாள அட்டை, "நல்லாப் பேசுனீங்க சார்" என்று என் சட்டைக்குள் கையை விட்டு ஒயரை இழுத்தார். அவர் தோளுக்கு மேல் அந்த டிவி தெரிந்தது. புடவை விளம்பரம், அதற்குக் கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடியது, யாரோ ஒரு டெஸ்க்கில் யாரோ ஒருவர் தட்டிவிட்டிருக்கிறார். ஆசிரியைக்குச் சும்மாதான் கொடுத்தேன், கனிராஜ் ஒப்புதல். ஓடிப்போய் மறுபடி வந்தது. சும்மாதான் கொடுத்தேன். இந்த முறை அவர்கள் எதையும் மாற்றவில்லை. கேள்விக்குறிகூட இல்லை. டெஸ்க்கில் இருந்தவருக்குத் தப்பு செய்ய நான் இடமே வைக்கவில்லை, ஒரு சொல்லுக்குக் கதவைச் சாத்திவிட்டு அதன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டுவந்து நடுவீட்டில் உட்காரவைத்திருக்கிறேன், குடுத்தேன் என்பதைக் கைப்பிடித்துத் தந்தும் அனுப்பியிருக்கிறேன். பத்துப் பேர் மாதக்கணக்கில் சண்டை போட்டோமே, இலவசத்துக்கும் கட்டற்றதுக்கும் நடுவில் சும்மா என்று ஒன்று இருக்கிறது என்று ஒருவன்கூட எச்சரிக்கவில்லையே, நாங்கள் வீட்டில் பேசுகிற சொல்லாயிற்றே அது.

பையில் போன் அதிர்ந்தது. மரியபுஷ்பம் டீச்சர். ஒரு காதில் குமிழ் இருந்தது, மறு காதில் போனை வைத்தேன். "சார்" என்றார். நான் டீச்சர் என்றேன். "நீங்க அந்த வார்த்தையைச் சொல்லல சார். கவனிச்சுக்கிட்டேதான் இருந்தேன். கடைசி வரைக்கும் நீங்க சொல்லல." அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். அற்புதராஜ் சார் இருக்காரா, அவர்கிட்டப் பேசட்டுமா என்று கேட்டேன். பின்னால் ஒரு பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. "அவரு டிவியை நிறுத்திட்டாரு சார்" என்றார். அவர் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் குமிழை எடுக்க மறந்துவிட்டார். மறு காதில் அந்தப் பெண் மறுபடி ஆரம்பித்தாள், ஒரு புடவை எடுத்தால் ஒரு புடவை இலவசம், இலவசம்.